நானோ மருந்து புற்றுநோய்க் கட்டியை மட்டும் தேடிப்போய் அழிக்குமா?

அழிக்காது. ஊசி வழியே ஏறும் நானோ துகள், ரத்தம் ஓடும் இடமெல்லாம் ஓடும். கட்டிக்குள் வேகவேகமாக முளைக்கும் ரத்தக்குழாய்களின் சுவரில் இடைவெளி அதிகம். 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள் அங்கே கசிந்து உள்ளே தங்கிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் இதை விளக்கினார்கள். ஆனால் விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வின்படி, ஏற்றிய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ 0.7 சதவீதம்தான். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

பிறகு எதற்கு இந்த மருந்து? உடம்பின் மற்ற பாகங்களைக் காப்பாற்றத்தான். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத் தசையைக் கெடுக்கும். அதையே நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தால் இதயத்தின் குழாய்ச் சுவரை எளிதில் தாண்டாது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டாக்சில்' இப்படிப்பட்டதுதான். இதற்கும் விலை உண்டு: குமிழி பல நாள் ரத்தத்தில் சுற்றுவதால் மருந்து உள்ளங்கை, உள்ளங்காலில் கசிந்து, அங்கே தோல் சிவந்து உரியும். மருந்து ஏற்றிய சில நாட்களுக்குச் சுடுநீர், இறுக்கமான செருப்பு, அழுத்தித் தேய்ப்பது எதுவும் வேண்டாம். எரிச்சல் தொடங்கியதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த டோஸைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

ஏற்றும் முறையில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. டாக்சிலை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) மட்டுமே கலக்க வேண்டும், சலைனில் (உப்புநீர்) கூடாது. குழாயில் ஃபில்டர் கூடாது. முதல் தடவை நிமிடத்துக்கு 1 மி.கி. வேகத்தில் தொடங்க வேண்டும். முகம் சிவத்தல், மூச்சுத்திணறல், முதுகுவலி பெரும்பாலும் அப்போதுதான் வரும். முக்கியமாக, சாதாரண டாக்சோரூபிசினுக்குப் பதிலாக அதே மி.கி. கணக்கில் இதைப் போடவே கூடாது. மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உடம்பில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பாக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. கரைக்கச் சேர்க்கும் ஆமணக்கெண்ணெய் சார்ந்த பொருளே ஒவ்வாமையைக் கிளப்பும். ஆல்புமின் புரதத்தோடு 130 நானோமீட்டர் துகளாக்கியபோது அந்தப் பொருளே தேவையில்லாமல் போனது. மார்பகப் புற்றுநோயில், உடல் மேற்பரப்பின் சதுர மீட்டருக்கு 175 மி.கி.யை 3 மணி நேரம் ஏற்றிய இடத்தில் 260 மி.கி.யை 30 நிமிடத்தில் ஏற்ற முடிகிறது. 100 மி.கி. குப்பியில் 20 மி.லி. சலைனைச் சுவரோரமாக, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து மெல்ல விட வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். கைகால் மரத்துப்போவது மட்டும் இதிலும் தீரவில்லை.

நோயறிதலில் கிடைத்திருப்பது இன்னும் குறைவு. 7.5 மி.லி. ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல்களை, ஆன்டிபாடி பூசிய இரும்புத் துகள்களால் காந்தத்தில் பிடித்து எண்ணும் சோதனை இருக்கிறது. பரவிவிட்ட நோயின் போக்கைக் கணிக்க அது உதவும். எப்கேம் என்ற மேற்பரப்புப் புரதத்தை இழந்த செல்கள் அதற்குச் சிக்காது. ஆகவே ஆரம்பநிலைப் புற்றுநோய் இல்லை என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. மார்பக அறுவைக்கு முன் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க இரும்பு ஆக்சைடு துகள் செலுத்தியிருந்தால், பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போது அதை அவசியம் சொல்லுங்கள். அந்த இடம் படத்தில் கறுத்து மறைந்துவிடக்கூடும்.