கிளை நூலகத்தை வைத்துத் தெருப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி?

கேள்வி: “மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. பாடப்புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை. இரண்டு தெரு தள்ளிக் கிளை நூலகம் இருக்கிறது. ஒருமுறை கூட்டிப்போனேன், பத்தே நிமிடத்தில் ‘போலாமா?’ என்று கிளம்பிவிட்டார்கள். தெருவில் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உண்டு. என்ன செய்யலாம்?”

பத்து நிமிடத்தில் கிளம்பியதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் கிளை நூலகத்தில் யார் இருப்பார்கள்? பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள். இரு தரப்புக்கும் சத்தம் ஆகாது. சிறுவர் புத்தகங்கள் அங்கே இருக்கும். ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள், முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கியிருக்கும். 16 பக்கம், 24 பக்கப் படக்கதைக்கு முதுகே கிடையாது, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும், அவ்வளவுதான். நான்கு தடிப் புத்தகத்துக்கு நடுவே அது செருகிக் கிடந்தால் இருப்பதே தெரியாது. ஆகவே முதல் வேலை, புத்தகத்தை வெளியே எடுத்து அட்டை தெரிய வைப்பது.

நூலகரிடம் போகும்போது “பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்க சார்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பல கிளைகளில் நூலகர் ஒருவரேதான் எல்லா வேலையும். “ஞாயிறு காலை 10 முதல் 11 வரை ஒரு ஓரம் கொடுங்கள், புத்தகம் எடுத்து வைப்பதும் திரும்ப அடுக்குவதும் எங்கள் பொறுப்பு” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பெரும்பாலான கிளைகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, அதோடு இரண்டாம் சனிக்கிழமை. சனிக்கிழமையைப் பிடித்தால் மாதம் ஒரு வாரம் பூட்டிய கதவில் முட்டிக்கொள்வீர்கள், இடையில் ஒருமுறை அறுந்தால் பிள்ளைகள் அடுத்த வாரம் வர மாட்டார்கள். அதனால்தான் ஞாயிறு. கிளையில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் வழியாகவே போங்கள், கூட்டம் நடத்துவது அவர்களுக்குப் பழகிய வேலை. கூச்சப்படவும் வேண்டாம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது.

உறுப்பினர் அட்டையைப் பிள்ளை பெயரிலேயே எடுங்கள். காப்புத்தொகை சிறியதுதான். அப்பா கார்டில் எடுத்த புத்தகம் அப்பா புத்தகமாகவே வீட்டில் கிடக்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டியது 25, 30 புத்தகம், ஒரு நைலான் கயிறு, பாய் இரண்டு. இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். அது ஆறேழு வயதுப் பிள்ளையின் கண் மட்டம். மெல்லிய புத்தகத்தின் நடுப்பக்கத்தை விரித்துக் கயிற்றின் மேல் போட்டால் துணி காயப் போட்ட மாதிரி நிற்கும். பத்தடிக் கயிற்றில் பன்னிரண்டு புத்தகம் இடைவெளியோடு தொங்கும். கிளிப் போடாதீர்கள், பிள்ளை இழுக்கிற இழுப்பில் அட்டை கிழியும். வாரக்கணக்கில் தொங்கவும் விடாதீர்கள், பின் தளர்ந்து நடுத்தாள் கழன்றுவிடும். தடிப் புத்தகங்களைப் பாயில் அட்டை மேலே இருக்கப் பரப்பினால் போதும்.

முதல் பதினைந்து நிமிடம் ஒரு பெரியவர் சத்தமாக வாசிக்க வேண்டும். கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. இங்கே நமக்கு வேண்டியது இரண்டாவது. நம் பிள்ளைகளுக்குப் பேச்சு வேறு, எழுத்து வேறு. வீட்டில் “வந்துட்டான்”, புத்தகத்தில் “வந்துவிட்டான்”. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை “கொண்டிருந்தபோது” என்பதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்திருக்கும். அந்த நடை காதில் விழுந்து பழகினால்தான் கண்ணும் வேகம் பிடிக்கும். புத்தகம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும், விரல் வரியின் கீழே ஓடட்டும். பெரிய கதையாக இருந்தால் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் பாயிலேயே விட்டுவிடுங்கள். யாராவது எடுப்பார்கள்.

வாசித்து முடித்ததும் “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் அது தமிழ் வகுப்பாகிவிடும். சுருக்கம் எழுதச் சொல்வது, அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு, இரண்டும் வேண்டாம். பரிசு வைத்தால் பக்கம் புரட்டும் வேகம்தான் கூடும். ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும், நீங்கள் யாருக்காகத் தொடங்கினீர்களோ அவன் இரண்டாம் வாரமே ஒதுங்கிவிடுவான்.

புத்தகம் பொருந்துமா என்று பார்க்க ஒரு சோதனை. ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். முட்டி நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அதே பொருளில் மெலிந்த ஒன்றைக் கொடுங்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். ஆறாவது படிக்கும் பையனுக்கு ‘நட’ கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் “இது சின்னப் பசங்க புக்” என்று அவன் காதுபட யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் வைத்துவிட்டு வேறு எடுத்தால் விடுங்கள். வேண்டாம் என்று வைப்பதும் தேர்ந்தெடுப்பதில் சேர்த்திதான்.

இனி உங்கள் மகள். ஒன்பதாவது படிக்கிற பெண் பாயில் உட்கார்ந்து கதை கேட்க மாட்டாள், கேட்கச் சொல்லவும் கூடாது. அவளிடம் வேலையைக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, அதில் நாள், பெயர், புத்தக எண், திரும்பிய நாள் என்று நான்கு பத்தி. வீட்டுக்கு இரவல் போவது, திரும்ப வருவது எல்லாம் அவள் கணக்கு. அடுத்த வாரம் கயிற்றில் எது தொங்க வேண்டும் என்பதும் அவள் முடிவு, அதற்காகவாவது இருபது புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டுவதையும் மெல்ல அவளிடம் தள்ளுங்கள். வாசிக்கத் தடுமாறும் பெரிய பிள்ளைக்குக்கூட இது நல்ல ஏற்பாடு. எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க ஒரு கௌரவமான காரணம் கிடைக்கிறது.

அவள் தனக்கென்று எதை வாசிக்க வேண்டும் என்பதில் தலையிடாதீர்கள். காமிக்ஸ், துப்பறியும் கதை, கிரிக்கெட், சினிமாப் பக்கம், எதுவும் சரி. அறிவியலில் ஆர்வம் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் 1987 முதல் வருகிறது. கட்டுரைகள் குட்டியானவை, டியூஷன் பஸ்ஸில் ஒன்று முடித்துவிடலாம். காத்திருக்கும் நேரம்தான் இந்த வயதுக்கு உண்மையான வாசிப்பு நேரம். தூத்துக்குடியில் ஒரு சலூன்காரர் கடையிலேயே நூலகம் வைத்து, வாசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொடுத்தார். உங்கள் தெரு சலூன், டெய்லர் கடை, டியூஷன் திண்ணை எங்கே பிள்ளைகள் சும்மா உட்கார்கிறார்களோ அங்கே நான்கு புத்தகம் போட்டுப் பாருங்கள்.

முப்பது புத்தகம் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். அப்போது பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளி என்றால் 4, 5ஆம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் வருகின்றன. உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே தேன்சிட்டுதான். பள்ளி நூலக பீரோ பூட்டியே கிடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். இரவல் நோட்டைக் காட்டிக் கேட்டால் அந்தப் பயம் பாதி குறையும்.

இணையத்தில் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக உள்ளன. க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துத் தைத்துக்கொள்ளத் தடையில்லை. கருப்பு வெள்ளையில் எடுத்தால் படம் மங்கும், கோட்டோவியமாக உள்ள கதைகளாகப் பார்த்து எடுங்கள். மாவட்டப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது நூறு ரூபாயைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள். வழக்கமான பத்துச் சதவீதக் கழிவைக் கணக்குப் போட்டு எதை வாங்கலாம் என்று அவனே நான்கு கடை ஏறி இறங்கட்டும். நீங்கள் பொது அறிவுப் புத்தகத்தைக் கூடையில் நழுவவிடாதீர்கள்.

புத்தகம் தொலையும், கிழியும். தொலைந்ததற்கு அபராதம் போட்டால் அந்தப் பிள்ளை புத்தகத்தோடு சேர்ந்து காணாமல் போகும். நூலகப் புத்தகம் என்றால் ஈடுகட்டும் தொகையைத் தெருப் பெரியவர்கள் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகிப் பிசின் கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்து இழுக்கும். ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி ஆறவைத்து, டிஷ்யூ போன்ற மெல்லிய தாள் கீற்றைக் கிழிசல் மேல் ஒட்டுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டாம், அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஒட்டிய பக்கத்தின் இரு புறமும் எண்ணெய்த்தாள் வைத்து, மேலே நான்கு தடிப் புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விட்டால் போதும்.