முடிவெட்டும் கடையும் மௌனியும்

ஐயா, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் 1974-இல் கோலாலம்பூரில் நடந்த ஒரு கண்காட்சியைப் பற்றிப் பேசினோம். மலேசிய ஓவியர்கள் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் முடிவெட்டும் கடையில் அள்ளிய முடி, பாதி குடித்த கோக் போத்தல் இவற்றையெல்லாம் கலையென்று வைத்தார்களாம். "அன்றைக்குச் சிரித்தார்கள், இன்றைக்கு வரலாறு என்கிறார்கள். மாறினது எது?" என்று தோட்டத்து அண்ணன் ஒருவர் மடக்கிவிட்டார். அடுத்த மாதம் சிறுகதை எழுத்தாளர் மௌனி. அவர் கதையும் இதுதானே?

அன்புள்ள நண்பருக்கு,

மதிப்பு ஏன் மாறியது என்பதற்கு முன், கைக்கு எது மிஞ்சியது என்று பாருங்கள். பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் 1917-இல் ஒரு கண்காட்சிக்குக் கலையென்று அனுப்பிய சிறுநீர்க் கலம் தொலைந்தே போயிற்று. ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம் தப்பியது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் 1964-இல் செய்த நகல்கள்.

நம் ஊர்க் கண்காட்சியில் அதிகம் பேசப்படுவது கூடவே வெளியிட்ட அறிக்கை. மேற்கத்தியப் பார்வையை மறுத்து, ஜென், தாவோ என்று கிழக்கத்தியச் சிந்தனைகளில் விரியும் அது. பொருள்கள் அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிட்டன. எனக்கு இது நஷ்டமாகவே படுகிறது. விஷயம் பெயர்ச்சீட்டுகளில் இருந்தது. காலிக் கூண்டுக்கு, பறவையை 1974 ஜூன் 10, திங்கள், பிற்பகல் 2.46-க்கு விடுவித்தபின் என்று தலைப்பு. கொசுவத்திச் சுருள், மார்ச் 25 இரவு எரிந்தது. தொட்டிச்செடி, இருவரும் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றியது. கூண்டைப் பார்க்கவா சொல்கிறார்கள்? அதன்மேல் ஓடிய நேரத்தை.

கவிஞர் சாலே பென் ஜோனெட் அந்தக் கண்காட்சியிலேயே சிறுநீர் கழித்த வம்பு எல்லாருக்கும் தெரியும். அதை விளக்கி 1975-இல் 'டேவான் சஸ்தெரா' என்ற மலாய் இலக்கிய இதழில் அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தை எத்தனை பேர் தேடிப் படித்தார்கள்?

ஆகவே அண்ணனிடம் முதல் கால்மணி நேரம் அந்தச் சீட்டுகளை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அறிக்கையை முன்னால் வைத்தால் கூட்டம் ஜென்னில் மாட்டிக்கொள்ளும், செடியை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மௌனி கதை வேறு. 1936-இல் 'மணிக்கொடி' இதழில் தொடங்கியவர் எழுதியது மொத்தம் சுமார் 24 கதைகள். கைக்கு அப்படியே இருக்கின்றன. கெடுத்தது 'சிறுகதையின் திருமூலர்' என்ற புதுமைப்பித்தனின் பட்டம். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நம்மவர்களுக்கோ, புரியாவிட்டால் வணங்கிவிடலாம் என்ற வசதி கிடைத்தது. பட்டத்தைக் கடைசிவரை எடுக்காதீர்கள். மௌனியின் 'அழியாச்சுடர்' கதையை இரண்டு முறை படியுங்கள்: முதல் முறை சம்பவத்தைத் தேடி ஏமாறத்தான் செய்வீர்கள். இரண்டாம் முறை கோயில் யாளி வரும் இடத்தில் நிறுத்தி, அங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொருவரையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். வரிகள் ஒத்துப்போகாது. வாக்குவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்.