மட்டக்களப்பில் இருந்துகொண்டு மத்திய கால மினியேச்சர் வார்கேம் தொடங்க முடியுமா? போர்க்களம் பார்க்க எங்கே போவது?

கேட்டவர் வேலைக்குப் போகும் இளைஞர், வர்ணம் தீட்டிய வீரர்களைக் காணொளியில் பார்த்து ஆசை வந்து, ஒரு பெட்டியின் விலையைக் கண்டு தயங்கி நிற்பவர் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முடியும் தம்பி. சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. காசு பெரிதாகத் தேவையில்லை.

"இந்த மண் கண்ட யுத்தம் போதாதா, அதில் விளையாட்டு வேறா?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அந்த வேதனை நியாயமானது. அதனால்தான் ஒரு எல்லை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: இலங்கை நிலத்தில் 1700க்குப் பிறகு நடந்த எதையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் இழப்பை வைத்துப் பகடை உருட்டக் கூடாது. நம் ஊர்க் கோயில் மரபுகளில் இன்றும் பேசப்படும் மாகோன் என்ற கலிங்க மன்னன், 1215இல் பொலன்னறுவையைப் பிடித்ததை ஆராய்ந்து பார்ப்பது அப்படியல்ல. அது வரலாற்றுப் படிப்பு. அதை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செய்ய மாட்டேன்.

விதிமுறைக்கு டீபீஏ எனப்படும் 'டி பெல்லிஸ் அன்ரிக்விற்றாற்றிஸ்' போதும். ஒரு தரப்புக்கு 12 தளங்கள்தான். தளம் என்பது சில வீரர்களைச் சேர்த்து ஒட்டிய சிறு மட்டைத் துண்டு. 15 மில்லிமீற்றர் உயரப் பொம்மைகளுக்கு ஒவ்வொரு தளமும் 40 மி.மீ அகலம். ஆழம் படைவகையைப் பொறுத்தது: ஈட்டியும் வாளும் 15, குதிரை வீரர் 30, யானை 40. மேசை இரண்டடிக்கு இரண்டடி. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. அதில் விழும் எண்ணிக்கை அளவுக்குத்தான் தளங்களையோ சேர்ந்து நிற்கும் அணிகளையோ நகர்த்தலாம். அணி சிதறினால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே புள்ளி செலவாகும், ஆகவே வரிசையைக் காப்பதுதான் முக்கால் பங்கு ஆட்டம். நான்கு தளங்களை இழந்து, அது எதிரி இழந்ததை விடக் கூடவாகவும் இருந்தால் தோல்வி. தமிழ், சிங்களப் படைகளுக்கும் அதன் படைப்பட்டியலில் இடம் உண்டு.

உலோகப் பொம்மைகளுக்கு இப்போதே ஓர்டர் போடாதீர்கள். முதல் இரண்டு படைகளையும் கடதாசியில் செய்யுங்கள். படத்தை நீங்களே வரையலாம், இணையத்தில் கிடைப்பதை எடுக்கலாம். முன்பக்கமும் பின்பக்கமும் தலையோடு தலை ஒட்டியபடி 160 ஜீஎஸ்எம் தடிப்புத் தாளில் அச்சடித்து மடித்து ஒட்ட வேண்டும். வீட்டு இங்க்ஜெட் வேண்டாம். மாரி காலத்து ஈரக்காற்றிலும் பசை பட்டாலும் மை கசியும். கடையில் கலர் போட்டோக்கொப்பி எடுத்தால் நிறம் நிற்கும். மடித்த தாளை ஒட்டக் குச்சிப் பசைதான். வெள்ளைப் பசையான பைண்டர் கம்மில் தண்ணீர் இருப்பதால் தாள் சுருண்டுவிடும். வெட்டிய பிறகு வெள்ளையாகத் தெரியும் ஓரங்களில் கறுப்பு மார்க்கரை ஓட்டுங்கள், அந்த ஒரு வேலையால் படை முழுவதும் வேறு மாதிரித் தெரியும். தளத்துக்கு 2 மி.மீ மட்டை. ஒன்றில் நான்கு ஈட்டிக்காரர், வில்லாளர் மூன்றோ நான்கோ, யானை ஒன்று.

இந்த 24 தளங்களோடு சில மாதம் ஆடிய பிறகும் ஆசை குறையாவிட்டால் பிளாஸ்ரிக்குக்கோ உலோகத்துக்கோ போங்கள். வெளிநாட்டுக் காணொளிகள் நம் கரையோரக் காலநிலையைச் சொல்லித் தருவதில்லை. மாரியில் ஸ்பிரே அடித்தால் ஈரப்பதத்தால் மேலே வெள்ளை பூத்துவிடும், மினுக்கமில்லாத மற் வார்னிஷ் இன்னும் மோசம். கச்சான் வீசும் காலத்தில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் போலப் படியும். எனவே அடிப்பூச்சைத் தூரிகையால் பூசுங்கள், மெல்லியதாக இரண்டு தரம், இடையில் நன்றாகக் காயவிட்டு. அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் பொம்மையைக் கழுவ வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பூச்சு உரிந்துவிடும். 1/72 அளவு மென்பிளாஸ்ரிக் பொம்மைகள் வளைவதால் பெயின்ற் வெடிக்கும். அவற்றுக்கு முதலில் தண்ணீர் கலந்த பைண்டர் கம்மை ஒரு படலமாகப் பூசிக் காயவிடுங்கள். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கும். அராவும்போது ஈரமாக்கி அராவி, கை கழுவி, சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஈட்டி முறிந்தால் ஈர்க்கு வைக்கத் தோன்றும். அது வளையும், உளுக்கும். தும்புத்தடியின் நைலோன் மயிரை வெட்டி வையுங்கள், 28 மி.மீ வீரனுக்கு 50 மி.மீ நீளம் சரி.

நிலம் செய்வதற்கு ரிஜிபோம் மலிவு. ஆனால் ஸ்பிரேயும் சில பசைகளும் அதைக் கரைத்துத் தின்றுவிடும். பைண்டர் கம்மும் தண்ணீரும் சம அளவில் கலந்து முழுவதும் மூடிய பிறகே பெயின்ற். கடற்கரை மணலையோ வாவி மணலையோ அப்படியே ஒட்டக் கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி வெயிலில் காயவையுங்கள். புல்லுக்குத் தும்புத்தூள், பற்றைக்குத் தும்பு. சதுப்புக்கு மெல்லிய பிளாஸ்ரிக் தாளை ஒழுங்கில்லாத வடிவில் வெட்டி, மண்ணிறம் பூசி, மேலே பளபள வார்னிஷ்.

சதுப்பை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிகிரியாவில் ஆண்ட காசியப்பனுக்கும் அவன் சகோதரன் முகலனுக்கும் நடந்த சிகிரியாப் போர்தான் நல்ல முதல் ஆட்டம். எதிரே சதுப்பைக் கண்ட காசியப்பன் வேறு வழியாகப் போக யானையைத் திருப்பினான், அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது என்கிறது பழைய வரலாற்று நூலான சூளவம்சம். 120க்கு 80 மி.மீ சதுப்பொன்றை அவன் யானைத் தளத்தின் முன் வையுங்கள். சதுப்பில் நின்று பொருதினால் யானைக்கு 2 குறையும். அதோடு என் விதி ஒன்றைச் சேருங்கள்: தலைவன் தளம் எதிரிக்கு முதுகு காட்டினால் அடுத்த பகடையில் 2 கழிக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் அந்த ஒரு துண்டு நிலத்தைச் சுற்றியே நடக்கும்.

போர்க்களம் பார்க்கப் போவதும் இதற்காகத்தான். பிரான்சில் 1415இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அஜன்கூர் களத்தில், இரண்டு காடுகளுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 900 மீற்றர். டீபீஏயின் பழைய கணக்கில் ஒரு அங்குலம் 100 கவடு, ஒரு கவடு முக்கால் மீற்றர். ஆகவே அந்த வெளி மேசையில் 12 அங்குலம், ஏழரைத் தள அகலம். பன்னிரண்டு தளம் வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரன் எல்லோரையும் முன்வரிசையில் நிறுத்தவே முடியாது. அந்தப் போரைப் பற்றிய புத்தகங்கள் சேறும் நெருக்கமும் என்று சொல்வது என்னவென்று அப்போது விளங்கும்.

இந்தக் கணக்கை ஊரிலேயே பழகலாம். புளியந்தீவுக் கோட்டைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638 மே மாதம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது, நெடுங்காலம் கச்சேரி இருந்த இடம். மத்திய காலம் இல்லைதான், ஆனால் நிலம் படிக்க நல்ல பள்ளி. உங்கள் நடையில் 100 கவடு எத்தனை மீற்றர் என்று முதலில் றோட்டில் அளந்துவிட்டுப் போங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஒவ்வொரு பக்கத்தையும் நடந்து எண்ணிக் கொப்பியில் குறியுங்கள். பிறகு கோட்டைமுனைப் பக்கம் வந்து நின்று, பாலங்களை மனதால் அழியுங்கள். கல்லடிப் பாலமே 1924இல் வந்தது. பாலம் இல்லாவிட்டால் காலாட்படை எந்த வழியால் வரும்? அம்பாறைப் பக்கம் இது இன்னும் கடினம். கல்லோயாத் திட்டத்தோடு வந்த சேனநாயக்க சமுத்திரத்தைப் படத்திலிருந்து நீக்காமல் பழைய படைவழி எதையும் யோசிக்கக் கூடாது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் பென்சிலால் வேலை செய்யுங்கள்.

களத்தில் ஒரு தரம் குந்தியிருந்தும் பாருங்கள். நிற்கும்போது தட்டையாகத் தெரிந்த வயல், குந்தினால் ஒரு படையையே மறைக்கும் பள்ளம் என்று தெரியவரும். சூரியன் யார் கண்ணில் அடிக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பொலன்னறுவைக்குக் கொழும்பு ரயிலில் ஏறி கதுருவெலையில் இறங்கலாம். மேற்கே பராக்கிரம சமுத்திரம் இருப்பதால் அந்தப் பக்கத்தால் நகரை நெருங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அணைக்கட்டில் நடந்தால் தெரியும். ஆனால் எங்கே போனாலும் ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுக்காதீர்கள், மெற்றல் டிரெக்டர் கொண்டுபோகாதீர்கள். புதையல் தோண்டுகிறோம் என்று இரவில் போய்ப் பழைய கட்டடங்களின் அடிவாரத்தையே பிளந்துபோட்டுப் போகிறவர்களை நினைத்தால் இரத்தம் கொதிக்கிறது. ஆயிரம் வருடம் நின்ற சுவர் ஒரு இரவில் போகிறது, பிடிபட்டவனைச் சிலர் வீரன் மாதிரிப் பேசுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

நீண்ட பயணம் போக முடிந்தால் அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாக வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெல. 1630 ஆகஸ்டில் கொன்ஸ்தந்தீனு டி சாவின் போர்த்துக்கேயப் படை அங்கே கண்டிப் படையிடம் அழிந்தது. 'லஸ்கரின்' எனப்பட்ட, போர்த்துக்கேயரிடம் வேலை செய்த உள்ளூர் வீரர்கள் பக்கம் மாறினார்கள், மழையில் துப்பாக்கித் திரிகள் நனைந்தன. இதை மேசையில் வைக்க டீபீஏ உதவாது, அது 1500உடன் நிற்கிறது. அதற்குப் பிந்திய காலப் போர்களுக்கான அதன் தம்பி விதிநூல் டீபீஆர் வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கித் தளமும் சுடுவதற்கு முன் ஒரு பகடை உருட்டட்டும். 4க்குக் கீழே விழுந்தால் திரி நனைந்தது, அந்த முறை சூடு இல்லை. லஸ்கரின் தளங்களுக்கு முதல் இழப்பு வந்தவுடன் தனியாக உருட்டுங்கள். 1 விழுந்தால் அந்தத் தளம் கண்டிப் பக்கம் போய்விடும்.