சின்னக் குழல், குறைந்த ரவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல வருடமாக 12 கேஜ் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியோடு திரிந்தவன் நான். இப்போது தோள்பட்டை மக்கர் செய்கிறது. 28 கேஜ் செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை) வாங்க ஆசை. காடைக்கும் புறாவுக்கும் அது போதுமா? கூட வருபவர்கள் "விளையாட்டுச் சாமான்" என்று கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கிண்டல் செய்பவர்களைச் செய்ய விடுங்கள். ஒன்பது வருடமாக நான் தூக்கிக்கொண்டு போவது அதைத்தான்.

போதும். ஆனால் எவ்வளவு தூரத்துக்கு என்பதுதான் விஷயம். ஒரு பவுண்டு ஈயத்தை 28 சம உருண்டையாக்கினால், அதில் ஒன்றின் குறுக்களவுதான் உங்கள் குழலின் துளை. சுமார் 14 மில்லிமீட்டர். 12 கேஜுக்கு 18.5. துளை சிறுத்தால் தோட்டாவில் கொள்ளும் ரவையும், அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகளும், குறையும். 12 கேஜில் வழக்கமான 32 கிராம் தோட்டாவில் ஏழரை நம்பர் அளவு ரவை ஏறத்தாழ 390 இருக்கும். 28 கேஜின் 21 கிராமில் 260 தான். ஒவ்வொரு ரவையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது, அதே அளவு ஆழம்தான் இறங்கும். தூரம் கூடக் கூட ரவைகளுக்கு நடுவில் ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டைக்குள் பறவை தப்பிவிடுகிறது. இல்லை, அதைவிட மோசம்: காயத்தோடு போய்ப் புதரில் விழுகிறது. என் கணக்கு 30 கஜம். அதற்கு அப்பால் எழும்பியதை நான் துப்பாக்கியைத் தூக்காமலே பார்த்துக்கொண்டு நிற்பேன். பழகுவதற்கு ஒரு சீசன் ஆனது.

இன்னொன்று, எடை. என் பழைய 12 மூன்று கிலோவுக்கு மேல். இது இரண்டரை கூட இல்லை. நாள் முழுக்க நடக்க சுகம்தான். ஆனால் இலேசான துப்பாக்கி பறவையோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும், ரவை வாலுக்குப் பின்னால் போகும். முதல் இரண்டு வாரம் வானத்துக்கு ஓட்டை போட்டதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. விசையை இழுத்த பிறகும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தோள் வலிக்கு இது நல்ல மருந்துதான். அதிலும் கேஸில் ஓடும் வகை இன்னும் மென்மை. வெடிப்பின் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி பிஸ்டனைத் தள்ள வைப்பதால் உதை நீண்டு, மெதுவாக வந்து சேரும். பதிலுக்கு அது கரி கக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்கச் சொல்லும். உதையையே விசையாக்கி ஓடும் இனர்ஷியா வகை சுத்தமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் கூடுதலாக உதைக்கும். உங்கள் தோளுக்குக் கேஸ் வகை என்பேன். உரிமம், எந்த மாதம் எந்தப் பறவை, மேகசினில் (அடுத்தடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் அறையில்) எத்தனை தோட்டா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் இனர்ஷியா துப்பாக்கி எப்போதாவது "டிக்" என்று மட்டும் சொல்கிறது. தோட்டா வெடிப்பதில்லை. எடுத்துப் பார்த்தால் தோட்டாவில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

பதில்: காலையில் சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் குழலை மூடும் இரும்புக் கட்டையை) கையால் பிடித்து மெல்ல மூடுகிறீர்களா? நானும் அப்படித்தான் செய்தேன். விடியும் நேரம், பனி, பத்தடி தள்ளி புல்லுக்குள் காடைகளின் சலசலப்பு. பூனை மாதிரி மூடினேன். கூட்டம் எழும்பியது. டிக்! என் நாய் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

போல்ட்டின் தலை கடைசி நொடியில் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் முழு வேகம் கிடைத்தால்தான் திரும்பும். மெல்ல விட்டால் ஒரு மயிரிழை திரும்பாமல் நிற்கும், வெடிக்கவைக்கும் ஊசி தோட்டாவைச் சரியாகத் தொடாது. பூட்டியிருந்தாலும், துப்பாக்கியை எங்காவது தட்டி வைக்கும்போது போல்ட் கொஞ்சம் பின்னுக்கு நழுவி வரலாம். சத்தம் வந்தால் வரட்டும், கையை எடுத்துவிட்டு "சடக்" என்று மூட விடுங்கள். நடக்கும்போது அவ்வப்போது போல்ட் கைப்பிடியை முன்னால் ஒரு தட்டு தட்டிக்கொள்வது என் வழக்கம்.

டிக் என்றதும் உடனே திறக்காதீர்கள். குழலின் வாயைப் பத்திரமான பக்கம் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

கேள்வி: 20 கேஜ் தோட்டா மட்டும் ஏன் மஞ்சள்?

பதில்: 12 கேஜ் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில்) 20 கேஜைப் போட்டால் அது நிற்காமல் உள்ளே சறுக்கிப் போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் சேம்பர் காலி. "போடவே இல்லை போல" என்று 12 ஐ வைத்துச் சுட்டால், இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் கிழியும். அதற்குத்தான் அந்த எச்சரிக்கை நிறம். 28 கேஜும் 20 கேஜ் குழலுக்குள் இதே வேலையைச் செய்யும், அதற்கு அப்படி ஒரு பொது நிறமும் கிடையாது. வேட்டைக்கு முதல் நாள் இரவு சட்டைப் பைகளைத் தலைகீழாக உதறிவிட்டு ஒரே கேஜை நிரப்புவேன். ஒருமுறை அப்படி உதறியபோது 28 களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று உருண்டு வந்தது. யாருக்கோ இரவல் கொடுத்த சட்டை. அதிலிருந்து சட்டையை இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு .410 (28 கேஜைவிடச் சின்னத் துளை) செமி ஆட்டோமேட்டிக் வாங்கித் தரலாமா? உதையே இல்லை என்கிறார்களே?

பதில்: உதை இல்லைதான், ரவையும் இல்லை. இரண்டரை அங்குலத் தோட்டாவில் 14 கிராம். பறக்கும் பறவையை அதில் வீழ்த்த நல்ல கை வேண்டும். பையன் தவறவிட்டுத் தவறவிட்டு மனம் விட்டுப்போவான். அதைவிட, செமி ஆட்டோமேட்டிக் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். குஷியில் "அப்பா, விழுந்துருச்சு!" என்று அவன் உங்கள் பக்கம் திரும்பும்போது கையில் இருப்பது அடுத்த குண்டுக்குத் தயாரான துப்பாக்கி. 28 கேஜ் வாங்குங்கள். முதல் வருடம் மேகசின் காலியாகவே இருக்கட்டும், சேம்பரில் ஒன்றே ஒன்று. சுட்டதும் போல்ட் திறந்தே நிற்கும், நீங்களும் பார்க்கலாம்.