கல்யாணப் படங்களுக்கு ஃபோட்டோஷாப் மட்டும் போதுமா?

வணக்கம். ஒரு கல்யாணத்துக்கு 2,000 ரா படங்கள் (கேமரா பதியும் மூலக் கோப்புகள்), ஒவ்வொன்றையும் ஃபோட்டோஷாப்பில் திறந்து திருத்துவதால் ஆல்பம் கொடுக்க ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, கருவியில்தான்.

நானும் கடலூர்தான். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தம் எடுத்திருந்தால் தெரியும்: மலைப்படியில் சுள்ளென்று வெயில், அரை மணியில் மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கு. ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒரு படத்தைச் சரிசெய்து, அதே வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறச் சரிக்கட்டல்) மற்றவற்றுக்கும் மொத்தமாக ஏற்ற லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருள் தோதானது. அடோபியின் போட்டோகிராஃபி சந்தா என்றால் அதிலேயே இருக்கும், பாருங்கள். முதலில் தேறாத படங்களைக் கழித்துக்கட்டுங்கள், 'பி' தட்டினால் தேர்வு, 'எக்ஸ்' தட்டினால் கழிவு. லேப்டாப் திணறினால் ஸ்மார்ட் பிரிவ்யூ (படங்களின் சிறு நகல்) உருவாக்குங்கள். அப்புறம் படங்கள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டும் திருத்தலாம்.

சந்தாவே வேண்டாம் என்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் பழக நாளாகும், சீசன் நடுவில் மாறாதீர்கள். நான் ஆவணியில் மாறி, பெண்வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபோட்டோஷாப்பையும் விட்டுவிடாதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் வீடியோக்காரரை அழிக்க அதுதான் சரி.