டப்ளினா, கால்வேயா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். மகள் கணினி அறிவியலில் பி.இ. முடித்திருக்கிறாள். அயர்லாந்தில் டேட்டா அனலிடிக்ஸ் எம்.எஸ்ஸி. படிக்க இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்று டப்ளினில், இன்னொன்று கால்வேயில். டப்ளின் கல்லூரி தரவரிசையில் மேலே இருக்கிறது, கட்டணமும் கூடுதல். உறவினர்கள் எல்லோரும் டப்ளின்தான் என்கிறார்கள். ஓராண்டு எம்.எஸ்ஸி.க்கு இங்கே மதிப்பு உண்டா? குளிரைத் தாங்குவாளா? பகுதிநேர வேலை செய்து அங்கத்திய செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். தங்குமிடம் பற்றிக் கேட்டேன். "போய் இறங்கினால் தானாக அமைந்துவிடும், நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார். எந்தக் கல்லூரி என்று நீங்கள் சொன்னால் தைரியமாக இருக்கும்.

க.செ.

அன்புள்ள க.செ. அவர்களுக்கு,

அயர்லாந்துக்குப் போகிற பிள்ளைகளின் முதல் மூன்று மாதங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் கல்லூரி, தரவரிசை, குளிர், மதிப்பு என்று எல்லாம் வருகிறது. தங்குமிடத்துக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் ஏஜென்ட் வாயிலிருந்து. எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதமாகத் தெரிகிறது.

தரவரிசையை முதலில் முடித்துவிடுவோம். உறவினர்கள் சொல்லத்தான் செய்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குக் கீழே எந்தக் கல்லூரி என்று போடுவது அவர்களுக்கு முக்கியம். நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. அயர்லாந்தில் ஒவ்வொரு படிப்புக்கும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு நிலை எண் உண்டு. எம்.எஸ்ஸி. 9-ஆம் நிலை. படிப்பு முடிந்தபின் வேலை தேட அங்கேயே தங்கும் அனுமதியை ஸ்டாம்ப் 1ஜி என்பார்கள். 9-ஆம் நிலைக்கு அது முதலில் 12 மாதம், புதுப்பித்தால் இன்னொரு 12 மாதம். 8-ஆம் நிலைக்கு 12 மாதத்தோடு சரி. 'ஹையர் டிப்ளமோ' என்று ஒரு ஓராண்டுப் படிப்பும் இருக்கிறது. பெயர் பெரிதாக இருக்கும், நிலை 8தான். சில ஏஜென்ட்டுகள் இரண்டையும் 'பி.ஜி.' என்றே விற்கிறார்கள். மகளின் கடிதத்தில் எம்.எஸ்ஸி. என்றும், 9 என்றும் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இருந்தால் ஓராண்டுப் படிப்புக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வியை விட்டுவிடலாம். அந்தப் பட்டத்தை மதிக்கவேண்டியது அவளுக்கு வேலை கொடுப்பவர்.

இனி வீட்டு விஷயம். "தானாக அமைந்துவிடும்" என்று சொன்னவர் கமிஷன் வாங்கியதும் அடுத்த பிள்ளையின் கோப்பைத் திறந்துவிடுவார். செப்டம்பரில் இரண்டு பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கப்போவது உங்கள் பெண். பிள்ளையை அனுப்ப ஒரு வருடமாகப் பணத்தைப் புரட்டுகிற அப்பா, அவள் எங்கே படுப்பாள் என்பதை ஒரு வாக்கியத்தில் ஒப்படைத்துவிடுகிறாரே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீடு என்றால் படுக்கை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அங்கே முதல் மூன்று மாதத்தில் நடக்கிற எல்லாமே ஒரு முகவரியில் தொங்குகிறது. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, பெரும்பாலும் 90 நாள் கொடுப்பார். அதற்குள் பதிவு செய்து ஐ.ஆர்.பி. என்கிற குடியிருப்பு அனுமதி அட்டை வாங்கவேண்டும். கட்டணம் 300 யூரோ. கல்லூரிக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு இருப்பிட முகவரியும் கேட்பார்கள். வங்கிக் கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும். கல்லூரியே கடிதம் தரும், ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் அயர்லாந்து முகவரி ஏறியிருந்தால்தான் அந்தக் கடிதத்தால் பயன். சேரும்போது கொடுத்த நாமக்கல் முகவரியே அதில் கிடந்தால் வங்கிக்காரர் திருப்பித் தந்துவிடுவார்.

அடுத்தது பி.பி.எஸ். எண். வேலைக்கும் வரிக்கும் அதுதான் ஆதாரம். மாணவி என்பதற்காக மட்டும் அதைத் தரமாட்டார்கள், எதற்குத் தேவை என்று காட்டவேண்டும். பெரும்பாலும் வேலை தருவதாகச் சொன்னவரின் கடிதம்தான் அந்தக் காரணம். கூடவே கடவுச்சீட்டு, முகவரிச் சான்று. அவள் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் சிக்கலே இல்லை. தோழி வீட்டில் தங்கினால் தோழி பெயரிலுள்ள மின்கட்டண ரசீதின் அசலும், இவள் இங்கேதான் குடியிருக்கிறாள் என்று அந்தத் தோழி எழுதித் தருகிற குறிப்பும் வேண்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், இன்னொரு இடத்தில் அப்பா பெயராக விரிந்து கிடக்கும். ஒப்பந்தம் எழுதும் அன்றே இதைச் சரிபார்க்கவேண்டும்.

இந்த எண் இல்லாமல் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.15 யூரோ. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆக 283 யூரோ. பி.பி.எஸ். எண்ணைக் கொடுக்காதவருக்கு முதலாளி எமர்ஜென்சி வரி பிடித்தாகவேண்டும். வருமான வரி 40 சதவீதம், சமூகக் கட்டணம் 8 சதவீதம். கையில் வருவது சுமார் 147. எண் வாங்கி வரித்துறைத் தளத்தில் அந்த வேலையைப் பதிவு செய்துவிட்டால், வாரம் 283 யூரோ சம்பளத்துக்கு வருமான வரியே வராது, பிடித்ததும் திரும்பி வரும். ஆனால் திரும்பி வரும்வரை வாடகை காத்திருக்காது. முகவரி இல்லாததால் எண் இல்லை, எண் இல்லாததால் பாதிச் சம்பளம், அதனால் நல்ல அறைக்கு டெபாசிட் கட்ட வழியில்லை. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் நவம்பரில் துவண்டுபோவது இதனால்தான்.

பகுதிநேர வேலையில் செலவைச் சமாளிக்கலாம் என்றாரே, அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முழுசாக வந்தாலும் நான்கு வாரத்துக்கு 1,132 யூரோ. டப்ளினில் தனி அறை 800-லிருந்து 1,100 வரை போகிறது. மிச்சத்தில் சாப்பாடு, பஸ், போன். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் வாரம் 40 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் ஆய்வேடு எழுதவேண்டும். கல்விக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட இந்த வேலையிலிருந்து வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எப்படித் தங்குவது? கல்லூரி வளாக அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். விலை கூடத்தான். ஆனால் முகவரி, ஒப்பந்தம், ரசீது எல்லாம் முதல் நாளே கையில் இருக்கும். முதுகலை மாணவர்களுக்கு இடம் குறைவு, அதனால் விண்ணப்பம் திறக்கும் அன்றே போடவேண்டும். விசா வந்தபிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் போய்விடும். பணம் கட்டுமுன் விசா கிடைக்காவிட்டால் திரும்பத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டுக்காரரோடு அவர் வீட்டிலேயே ஓர் அறை. 'டிக்ஸ்' என்பார்கள். அப்படி அறை விடுகிறவருக்கு ஆண்டுக்கு 14,000 யூரோ வரை வாடகை வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் நிறையப் பேர் விடுகிறார்கள். ஆனால் இதில் பல, திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். அயர்லாந்துப் பிள்ளைகள் வார இறுதியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதால் அவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பெண் சனி, ஞாயிறில் எங்கே போவாள்? "ஏழு நாளுமா?" என்று முதலில் கேட்கவேண்டும். சமையலறையைப் பயன்படுத்தலாமா, முகவரிக் கடிதம் தருவீர்களா என்பவை அடுத்த கேள்விகள். இன்னொன்று, இப்படித் தங்குகிறவர் சட்டப்படி வாடகைதாரர் ஆகமாட்டார். வாடகைதாரருக்கு உள்ள நோட்டீஸ் காலப் பாதுகாப்பு இவருக்கு இல்லை. வீட்டுக்காரர் நல்லவராக அமையவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஏஜென்ட் சொன்ன 'நம் பிள்ளைகள்' வீடு. மூன்று அறை வீட்டில் எட்டுப் பேர், ஓர் அறைக்கு இரண்டு அடுக்குக் கட்டில். ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும், மற்றவர்கள் இருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதனால்தான் முகவரிக் கடிதம் கேட்டால் அந்த ஒருவர் நெளிவார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவரும் வாடகைக்கு ஆள் சேர்க்கிறவர்தான். முதல் இரண்டு வாரம் பெட்டி வைக்க இது உதவும். அதற்குமேல் இருந்தால் மேலே சொன்ன சங்கிலி முழுக்க நின்றுவிடும். இந்த இடைவெளியில்தான் "ஐம்பது யூரோ கொடு, முகவரிக் கடிதம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். குடியிருக்காத வீட்டின் கடிதத்தை அரசு அலுவலகத்தில் கொடுப்பது பொய்ச்சான்று. அந்தப் பக்கமே போகக்கூடாது.

பணம் அனுப்புவது பற்றி. அங்கே முறையான வாடகை வீட்டுக்கு டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, முன்வாடகை ஒரு மாதம். இரண்டும் சேர்ந்து இரண்டு மாதம், அதற்குமேல் சட்டம் அனுமதிக்காது. நம் ஊர்ப் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தில் ஆறு மாத வாடகையை மொத்தமாக அனுப்பிவிடாதீர்கள். மோசடிக்காரர் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி கூரியரில் வரும், இன்றைக்கே போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டை யாராவது நேரில் பார்க்கும்வரை, குறைந்தது வீடியோ அழைப்பில் வாசல் கதவிலிருந்து குளியலறை வரை காட்டும்வரை, ஒரு யூரோகூட அனுப்பக்கூடாது. எர்கோட் கேளுங்கள். 2015-ல் வந்த ஏழு எழுத்துக் குறியீடு, நம் பின்கோடுபோல் ஊருக்கு ஒன்று என்றில்லாமல் வீட்டுக்கு ஒன்று. கால்வே என்றால் எச்91 என்று தொடங்கும், கார்க் நகரமானால் T12 அல்லது T23. கால்வே வீடு என்று சொல்லி டப்ளின் குறியீடு தருகிற ஆளை அங்கேயே விட்டுவிடலாம். முறைப்படி வாடகைக்கு விட்ட வீடு வாடகை வாரியத்தின் பொதுப் பதிவேட்டிலும் இருக்கவேண்டும்.

விளம்பரத்தில் பி.இ.ஆர். என்று ஓர் எழுத்து இருக்கும், ஏ1-லிருந்து ஜி வரை. வீடு சூட்டை எவ்வளவு பிடித்துவைக்கும் என்பதற்கான அளவு. ஜி வீட்டில் வாடகை குறைந்திருக்கும், அந்த மிச்சம் மொத்தமும் ஜனவரியில் ஹீட்டருக்குப் போகும், சுவரில் பூஞ்சையும் பிடிக்கும்.

எப்போது போவது? அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வு முடிவும் கல்லூரி இடமும் ஆகஸ்ட் கடைசியில்தான் வருகின்றன. அந்த வாரத்தில் நாடு முழுக்க எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் அறை தேடும். செப்டம்பர் முதல் வாரம் போய் இறங்கினால் அந்தக் கூட்டத்தின் வாலில் நிற்கவேண்டியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் போய், பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் மூன்று வாரம் முன்பதிவு செய்துகொண்டு, தினமும் நேரில் வீடு பார்ப்பது நல்லது. ஹாஸ்டல் பணத்தைச் செலவு என்று நினைக்காமல் முதல் மாத வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கால்வேயில் ஜூலைக் கடைசி வாரம் மட்டும் வேண்டாம், குதிரைப் பந்தய வாரம், ஊரில் கட்டில் காலி இருக்காது.

டப்ளினா கால்வேயா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா. டேட்டா வேலைகள் டப்ளினில்தான் அதிகம். கால்வேயில் மருத்துவக் கருவி நிறுவனங்கள் பலமாக இருக்கின்றன, மெட்ரானிக், பாஸ்டன் சயின்டிஃபிக் இரண்டுக்கும் அங்கே ஆலை உண்டு. கால்வே சின்ன ஊர், நடந்தே கல்லூரி போகலாம். அதற்காக வீடு எளிது என்று நினைக்கவேண்டாம், சுற்றுலா ஊர், அறைகள் குறைவு. ஊருக்குள் கிடைக்காவிட்டால் ஓரன்மோர், ஏதன்ரை இரண்டிலிருந்தும் ரயில் இருக்கிறது. டப்ளினுக்கு அதுபோல மேனூத். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் இரவு வேலைக்கு ஒத்துக்கொள்ளவேண்டும். வாடகை மலிவு என்று எல்லை தாண்டி வட அயர்லாந்துப் பக்கம் யாராவது அழைத்தால் போகக்கூடாது. சாலையில் சோதனைச் சாவடி இருக்காது, வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். ஆனால் அது பிரிட்டன், இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனி விசா வேண்டும்.

இப்போதே செய்யவேண்டியது ஒன்று. இரண்டு கல்லூரிகளின் குடியிருப்பு அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்களோ ஏஜென்ட்டோ எழுதவேண்டாம், மகளே எழுதட்டும். முதுகலைக்கு வளாக அறை எத்தனை, விண்ணப்பம் எப்போது திறக்கும், ஏழு நாள் டிக்ஸ் பட்டியல் உண்டா என்று மூன்றே கேள்வி. எங்கிருந்து உறுதியான அறை வருகிறதோ அங்கே கட்டணத்தைக் கட்டுங்கள். இரண்டிலும் வந்தால் டப்ளின், உறவினர்களுக்கும் சந்தோஷம். இரண்டிலும் வராவிட்டால் ஜனவரிச் சேர்க்கை உண்டா என்று கேளுங்கள். படிப்பு முடித்தவர்கள் காலி செய்யும் அறைகள் அப்போது வரும்.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தாங்குவாள். அங்கே பனியைவிட மழையும் காற்றும்தான் தொல்லை, கால்வேயில் இன்னும் அதிகம். குடை மடங்கிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும். அதை இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகவேண்டாம், அங்கேயே மலிவாகக் கிடைக்கும். அந்த எடைக்குப் பெட்டியில் ஒரு குக்கர் வையுங்கள்.

அன்புடன்.