இயற்கையில் பிடித்த கில்லி மீன்கள் தொட்டியில் முட்டையிட என்ன செய்வது?

ஜோடி நன்றாக இருக்கிறது, ஆனால் முட்டையே காணோம் என்கிறீர்கள். கில்லி என்பது பல இனங்கள் கொண்ட சின்ன மீன் வகை. முதலில் என்ன இனம் என்று பாருங்கள், முட்டையிட வைக்கும் முறை அதைப் பொறுத்துத்தான் மாறும்.

அஃபியோசெமியான் போன்ற ஓடை மீன் என்றால் சுலபம். செயற்கைக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள், முட்டையை அதில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். முட்டை ஏறக்குறைய 1 மி.மீ. தான், ஆனாலும் விரலால் மெதுவாக எடுத்தால் நசுங்காது. வெள்ளையாகிப்போனதைத் தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை மற்றதற்கும் பரவும். நல்ல முட்டையில் குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், பெரும்பாலும் 2-3 வாரத்தில் பொரிந்துவிடும்.

நோத்தோபிராங்கியஸ் மழைக்குட்டை மீன். குட்டை வற்றினாலும் அதன் முட்டை சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும், அதனால் கிண்ணத்தில் பீட் (மட்கிய பாசி) வைத்து முட்டையிட விட்டு, அப்புறம் அதைப் பிழிந்து லேசான ஈரத்தோடு பையில் மூடி, இனத்தைப் பொறுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இரண்டுக்குமே உயிருள்ள இரையும் மங்கலான வெளிச்சமும் கொடுங்கள், காட்டு மீன் உலர் தீனியைச் சட்டென்று தொடாது. மூடி கட்டாயம், சின்ன இடுக்கு இருந்தாலும் குதித்துவிடும். பிடித்த இடத்தின் பெயரைக் குறித்து வையுங்கள். ஒரே இனமானாலும் வேறு இடத்து மீனோடு கலக்காதீர்கள்.